ஃபேஸ்லிஃப்ட்: என்னென்ன சிக்கல் வரலாம், எப்போது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொய்ந்த கன்னத்தையும் கழுத்தையும் இழுத்துச் சீராக்கும் அறுவையான ஃபேஸ்லிஃப்ட்டைச் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களும், செய்து முடித்து வீட்டில் ஓய்வெடுப்பவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் இவை. எத்தனை வயது குறைந்து தெரியும் என்பதெல்லாம் இங்கே இல்லை. எது கெடலாம், எந்த நாளில், எதனால், அப்போது என்ன செய்வது என்பது மட்டும்தான்.

இந்த அறுவையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கிருதாப் பக்கத்து முடிக்குள் தொடங்கும் கீறல் காதின் முன்புறம் இறங்கி, காது மடலின் அடியைச் சுற்றி, காதின் பின்புறம் ஏறி, பின்தலை முடிக்குள் போய் முடிகிறது. அந்தக் கீறல் வழியாகக் கன்னத்துத் தோலையும் கழுத்துத் தோலையும் அடியிலுள்ள கொழுப்பிலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். கொழுப்புக்குக் கீழே நாரும் தசையும் கலந்த ஒரு படலம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ‘ஸ்மாஸ்’ என்பார்கள். 1976-ல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைத் தெளிவாக விவரித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் தோலை மட்டும் இழுத்துத் தைப்பார்கள். இழுவிசை முழுவதும் தையலின் மேல் விழுந்து தழும்பு அகலமாகும், முகமும் சீக்கிரமே பழையபடி தொய்ந்துவிடும். இப்போது இழுத்துக் கட்டுவது ஸ்மாஸ் படலத்தை. தோலை அதன்மேல் தளர்வாகப் படியவைத்து, மிச்சத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். ‘டீப் பிளேன்’ என்ற முறையில் அந்தப் படலத்துக்கும் கீழே போய்ப் பிரிக்கிறார்கள்.

இந்த உடற்கூற்றைத் தெரிந்துகொண்டால் கீழே வரும் சிக்கல்கள் எல்லாம் எளிதில் புரியும். பிரித்த தோலுக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது, அதில் ரத்தம் தேங்கலாம். பிரித்த தோலுக்கு அடியிலிருந்து வந்த ரத்தக்குழாய்கள் அறுந்துவிட்டன, ஓரத்திலிருந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் அது பிழைக்க வேண்டும். ஸ்மாஸுக்குக் கீழே முகத்தை அசைக்கும் நரம்பும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கின்றன.

மொத்தத்தில் எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் 11,300 ஃபேஸ்லிஃப்ட் நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வில், பெரிய சிக்கல் வந்தவர்கள் 1.8 சதவீதம். அதில் ரத்தத் தேக்கம் 1.1, கிருமித்தொற்று 0.3. ஃபேஸ்லிஃப்ட் மட்டும் செய்தவர்களில் இது 1.5 சதவீதமாகவும், அதோடு வேறு அறுவைகளையும் சேர்த்துச் செய்தவர்களில் 3.7 சதவீதம் வரையிலும் இருந்தது. ‘ஒரே மயக்கத்தில் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிடலாமே’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

அங்கே எண்ணப்பட்டவை மீண்டும் தியேட்டருக்கோ (அறுவை அரங்குக்கோ) மருத்துவமனைக்கோ போகவைத்த பெரிய சிக்கல்கள். வீக்கம், நீலம் பாய்தல், மரத்துப்போதல் ஆகியவை கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். அவை சிக்கல் கணக்கில் சேராது.

ரத்தத் தேக்கம் என்றால் என்ன? ஏன் அதைப் பற்றியே எல்லோரும் எச்சரிக்கிறார்கள்?

பிரித்த தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து சேர்வதுதான் ரத்தத் தேக்கம். ஃபேஸ்லிஃப்ட்டில் மிக அதிகம் வரும் பெரிய சிக்கல் இதுதான். பொதுவாக 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 12 மணி நேரத்தில்தான் அதிகம்.

ஏன் அந்த நேரத்தில்? அறுவையின்போது ரத்தம் குறைவாக வரட்டும் என்று மரப்பு ஊசியுடன் அட்ரினலின் கலந்து போடுவார்கள். அது குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்ததும் குழாய்கள் விரிகின்றன. அதே நேரத்தில் மயக்கமும் தெளிகிறது. வலி, வாந்தி, இருமல், பதற்றம், நிறைந்த சிறுநீர்ப்பை எல்லாம் சேர்ந்து பிபியை ஏற்றுகின்றன. மாலை 4 மணிக்கு உலர்ந்திருந்த இடத்தில் இரவு 10 மணிக்கு ரத்தம் கசிவது இப்படித்தான். வாந்தி வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே மருந்து கொடுப்பதும், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பதும், சிறுநீர் போக எழுப்பிவிடுவதும் சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் கசிவு வெளியே வடிய வைக்கும் டிரெயின் குழாயைவிட இவைதான் அதிகம் காப்பாற்றுகின்றன. டிரெயின் வைத்தால் நீர் சேர்வதும் நீலம் பாய்வதும் குறையும். பெரிய ரத்தத் தேக்கத்தை அது தடுக்காது, கட்டி தட்டிய ரத்தம் அந்த மெல்லிய குழாயில் வராது. இறுக்கமான கட்டும் தடுக்காது. உள்ளே நடப்பதை மறைத்துவிடும் என்பதே அதன் குறை.

அடையாளம் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் மட்டும். ஃபேஸ்லிஃப்ட் முடிந்தவருக்குப் பெரிய வலி இருக்காது. இறுக்கம், பாரம், மந்தமான நோவுதான் இருக்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரு கன்னம் மட்டும் மணிக்கு மணி பெருத்து, தொட்டால் கல்போல இறுகி, மாத்திரைக்கும் அடங்காமல் வலித்தால், வாயைத் திறக்கச் சிரமமாக இருந்தால், கன்னத்தின் உட்புறமோ உதடோ கறுநீலமாக மாறினால், அது ரத்தத் தேக்கம் என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரை எழுப்ப வேண்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தேங்கிய ரத்தம் தோலை அடியிலிருந்து அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். சில மணி நேரம் போனால் தோல் செத்துவிடும். கழுத்தில் பெரிதாகச் சேர்ந்தால் மூச்சுக்குழாயையும் நெருக்கும். அது அரிது, ஆனால் உயிர் போகக்கூடிய அவசரம்.

சிகிச்சை எளிது, நேரத்துக்குச் செய்தால். நெருக்கடி என்றால் கட்டிலிலேயே சில தையல்களைப் பிரித்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். பிறகு தியேட்டரில் திறந்து ரத்தத்தைக் கழுவி எடுத்து, கசியும் இடத்தைச் சுட்டு மூடுவார்கள். நேரத்துக்கு எடுத்துவிட்டால் கடைசிப் பலன் பெரும்பாலும் கெடுவதில்லை.

நெல்லிக்காய் அளவுக்குச் சின்னதாகச் சேர்ந்து வளராமல் நின்றுவிட்டால் அவசரம் இல்லை. 7 முதல் 10 நாளில் அது இளகித் திரவமாகும், ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அப்படியே விட்டால் அந்த இடம் வாரக்கணக்கில் கட்டியாகவும் சுருக்கமாகவும் தெரியும்.

பிபி மாத்திரை, ரத்தம் இளக்கும் மாத்திரை எல்லாம் எப்படி?

பிபி மாத்திரையை அறுவைக் காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடவேண்டியிருக்கும். ஒருசில வகைகளை மட்டும் அன்றைக்கு நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை மயக்க மருந்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். பிபி கட்டுக்குள் இல்லாதவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதுதான் சரி. இது அவசர அறுவை இல்லை.

ஆஸ்பிரின் வழக்கமாக 7 முதல் 10 நாளும், க்ளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாளும் முன்பே நிறுத்தப்படும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் தாமாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவர் சம்மதிக்காவிட்டால் ஃபேஸ்லிஃப்ட்டைத்தான் கைவிட வேண்டும், மாத்திரையை அல்ல. மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளையும் நிறுத்த வேண்டும். பாரசிட்டமால் போடலாம்.

பலரும் சொல்ல மறப்பது, மருந்துக் கணக்கில் சேர்க்காதவற்றை: மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்கோ, ஜின்செங், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், லேகியம். இவற்றை 2 வாரம் முன்பே நிறுத்திவிடலாம். சமையலில் போடும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாகுளுடைடு வகை ஊசி போடுபவர் அதை அவசியம் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், வெறும் வயிறு என்று நினைத்து மயக்கம் கொடுக்கும்போது உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

ஆண்களுக்கு ஆபத்து அதிகமா?

ஆம். மேலே சொன்ன 11,300 பேர் ஆய்வில் ஆண்களுக்கு ரத்தத் தேக்கம் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 4 மடங்கு. தாடி வேர்களுக்கு ரத்தக்குழாய்கள் அதிகம், பிபியும் பலருக்கு அதிகம்.

இன்னொன்று, இது ஆபத்து இல்லை, தொல்லை: தாடி வளரும் தோலைப் பின்னால் இழுப்பதால் காதுக்கு முன்னால் இருக்கும் முடியில்லாத பட்டை மறைந்து, காதின் முன் குருத்தெலும்பின் மேலேயே தாடி முளைக்கலாம். காதின் பின்னாலும் சவரம் செய்ய வேண்டிவரும். கீறலை அந்தப் பட்டைக்கு முன்னால் வைத்தால் இதைத் தவிர்க்கலாம், தழும்பு சற்றே வெளியே தெரியும். எது பரவாயில்லை என்பதை அறுவைக்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

வாய் கோணிவிடும் என்கிறார்களே, உண்மையா?

முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே ஆபத்து இல்லை.

நெற்றிக்குப் போகும் கிளை கன்ன எலும்பைக் கடக்கும் இடத்தில் மிக மேலோட்டமாக ஓடுகிறது. அடிபட்டால் அந்தப் பக்கப் புருவம் உயராது. தாடை ஓரமாக ஓடும் கிளை அடிபட்டால், சிரிக்கும்போது கீழுதடு அந்தப் பக்கம் இறங்காது. கீழ்ப்பல் ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. கன்னத்துக்குப் போகும் கிளைகள்தான் அதிகம் அடிபடுபவை, ஆனால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஈடுகொடுக்கும். நோயாளிக்குத் தெரியாமலே சரியாகிவிடுவதும் உண்டு.

நரம்பு அறுந்துபோவது அபூர்வம். இழுபடுதல், சுடுகருவியின் வெப்பம், வீக்கத்தின் அழுத்தம், தையலில் மாட்டிக்கொள்ளுதல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். அதனால்தான் பெரும்பாலான பலவீனம் தற்காலிகமானது. சில வாரத்தில் தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் திரும்பிவிடும். நிரந்தரமாக நின்றுவிடுவது 1,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான். குறைவுதான், ஆனால் அந்த ஒருவருக்கு அது வாழ்நாள் மாற்றம் என்பதால் ஒப்புதல் படிவத்தில் இது எழுதப்படாமல் இருக்கக்கூடாது.

அறுவை முடிந்த அன்று மாலை ஒரு புருவம் அசையவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். மரப்பு ஊசியின் வேலை 6 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவர் கிளை கிளையாகச் சோதிப்பார். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: கழுத்துத் தசைக்குப் போகும் கிளை அடிபட்டாலும் கீழுதடு கோணலாகத்தான் தெரியும். கீழுதட்டை வெளியே பிதுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிதுக்க முடிந்தால் தாடை ஓரக் கிளை நன்றாக இருக்கிறது, அடிபட்டது கழுத்துக் கிளைதான் என்று அர்த்தம். அது அநேகமாக எல்லோருக்கும் தானாகவே சரியாகும். காத்திருக்கும் மாதங்களில் நல்ல பக்கத்தில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியைச் சிறிதளவு போட்டு இரண்டையும் சமமாகக் காட்டலாம். கண் மூடவில்லை என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பும் பிளாஸ்திரியும் அன்றே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும்.

காது மரத்துப்போய்விட்டது. இது எப்போது சரியாகும்?

காதைச் சுற்றியும் கன்னத்திலும் மரப்பு எல்லோருக்கும் வரும், தோலைப் பிரிக்கும்போது சின்னஞ்சிறு நரம்பிழைகள் அறுவதால். 3 மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் படிப்படியாகத் திரும்பும். திரும்பும்போது எறும்பு ஊர்வதுபோலவும், சட்டென்று மின்சாரம் தொட்டதுபோலவும் இருக்கும். அது நல்ல அறிகுறி.

காது மடலின் கீழ்ப்பகுதி மட்டும் முற்றிலும் உணர்வற்றுப் போய் மாதக்கணக்கில் திரும்பவில்லை என்றால், காதுத் துளையிலிருந்து சுமார் 6.5 செ.மீ. கீழே கழுத்துத் தசையின் மேல் ஓடும் பெரிய உணர்வு நரம்பு அடிபட்டிருக்கலாம். ஃபேஸ்லிஃப்ட்டில் பெயர் சொல்லக்கூடிய நரம்புகளில் அதிகம் அடிபடுவது இதுதான். இதனால் முகம் கோணாது. ஆனால் தோடு திருகும்போது புண்ணானாலும் தெரியாது. அறுவையின்போதே அறுந்தது தெரிந்தால் அங்கேயே தைத்துவிடுவது நல்லது. விட்டுவிட்டால் சிலருக்கு அந்த முனையில் வலிக்கும் முடிச்சு உண்டாகிறது.

மரத்த தோலில் ஹேர் டிரையரும் வெந்நீர்ப் பையும் வேண்டாம். சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அதே அளவு ஆபத்து.

சிகரெட்டை ஏன் ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்?

பிரித்த தோல் ஓரத்திலிருந்து வரும் மெல்லிய குழாய்களை நம்பியிருக்கிறது என்று சொன்னோம். நிகோட்டின் அந்தக் குழாய்களைத்தான் சுருக்குகிறது. 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தோல் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 12 மடங்குக்கு மேல் இருந்தது. ஃபேஸ்லிஃப்ட்டில் நோயாளியின் கையில் இருக்கும் விஷயங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம். சிகரெட், பீடி மட்டும் இல்லை. வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ், வேப், நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம் எல்லாமே இதில் சேரும். பல மருத்துவர்கள் அறுவைக்கு முன் சிறுநீரில் கோட்டினின் (நிகோட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள்) பரிசோதனை செய்கிறார்கள். பொய் சொல்லித் தேறிவிட்டால் நட்டம் மருத்துவருக்கு இல்லை.

தோல் சாவது பெரும்பாலும் காதின் பின்புறத்தில். அங்கேதான் தோல் மெல்லியது, ரத்தம் வரும் வழி நீளமானது, இழுவிசையும் அதிகம். முதலில் வெளிறி அல்லது ஊதாவாகி, பிறகு கறுத்து, காய்ந்த பொருக்காகும். பெரும்பாலும் சில மி.மீ. அகலம்தான். அதை உடனே வெட்டி எடுக்கக்கூடாது. காய்ந்த பொருக்கே இயற்கையான மூடி. அடியில் தோல் வளர்ந்து 4 முதல் 8 வாரத்தில் அதுவாகவே உதிரும். வீட்டில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவக்கூடாது. மீதமாகும் தழும்பை ஓராண்டு கழித்துத் திருத்தலாம். காதுக்கு முன்னால், கன்னத்தில் வந்தால்தான் உண்மையான வருத்தம், அதை எந்த முடியாலும் மறைக்க முடியாது.

கிருமித்தொற்று?

முகத்துக்கு ரத்த ஓட்டம் செழிப்பானது, அதனால் 1 சதவீதத்துக்கும் குறைவு. வந்தால் 3 முதல் 7-ம் நாளுக்குள், பெரும்பாலும் காதின் பின்னால்: சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல். ஆன்டிபயாடிக்கும், தேவைப்பட்டால் சீழை வடிப்பதும் போதும்.

அதிகம் பேசப்படாதது இன்னொரு வகை. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த பிறகு, பல வாரம் கழித்து, தழும்பு ஓரமாகச் சிவந்த சின்னக் கட்டிகள் வந்து உடைந்து கசியும். வழக்கமான ஆன்டிபயாடிக் கேட்காது, சாதாரண கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. இது காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளால் வரலாம். நீரில் வாழும் இவை, சரியாகக் கிருமிநீக்காத கருவி, குழாய்த் தண்ணீரில் அலசிய கருவி வழியாக உள்ளே போகும். தனிக் கல்ச்சர் கேட்க வேண்டும், சிகிச்சை மாதக்கணக்கில் ஓடும். மூன்றாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதும் முன் இதை நினைத்துப் பார்க்காத மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை.

முந்தைய இரவும் அன்று காலையும் ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் கூடாது. முடிச்சாயம் போடுவதானால் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு 4 முதல் 6 வாரம் கிடையாது.

நம் தோலுக்குத் தழும்பு தடிக்குமா?

மாநிறத்துக்கும் அதற்கு மேலும் கறுத்த தோலுக்கும் இரண்டு விஷயம் அதிகம்: தழும்பு தடித்தல், கருமை படிதல். கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, வருமா என்பதை உங்கள் உடம்பே முன்கூட்டிச் சொல்லியிருக்கும். காது குத்திய இடம், தோளில் பிசிஜி ஊசி போட்ட இடம், நெஞ்சில் பரு வந்த இடம், சிசேரியன் தழும்பு ஆகியவற்றைப் பாருங்கள். காது குத்திய இடத்தில் உருண்டை வந்தவர் அதைச் சொல்லாமல் ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் படுக்கக்கூடாது, கீறல் போகப்போவது அதே இடத்தின் வழியாக.

தழும்பு தடிப்பது பெரும்பாலும் காதின் பின்னால், 4 முதல் 12 வாரத்துக்குள் தொடங்கும். அரிப்புதான் முதல் அறிகுறி. அப்போதே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள் போட்டால் அடங்கும். முழுதாகத் தடித்த பிறகு போனால் நாளாகும். புண் முழுமையாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது தாளை 3 மாதம் பயன்படுத்துவது நல்லது.

கருமைக்குக் காரணம் இரண்டு. தோலில் தங்கிய ரத்தத்தின் இரும்புச்சத்து பழுப்பாகப் படியலாம்; காயத்துக்கு எதிர்வினையாகத் தோல் தன் நிறமியை அதிகமாகச் சுரக்கலாம். வெயில் இரண்டையும் மோசமாக்கும். ஏப்ரல், மே மாதத்தில் செய்துகொண்டு ஸ்கூட்டரில் திரிவது நல்ல திட்டம் இல்லை. அதே சிட்டிங்கில் கன்னத்துக்கு லேசர் அல்லது ஆழமான பீல் (ரசாயனத்தால் மேல்தோலை உரித்தல்) என்று யாராவது சேர்த்துச் சொன்னால் நம் நிறத்துக்கு நாங்கள் வேண்டாம் என்போம். பிரித்த தோலுக்கு மேலிருந்தும் காயம் கொடுப்பது ஆகாது.

காதும் முடியும் மாறிவிடுமா?

சரியாகச் செய்யாவிட்டால் மாறும். ஃபேஸ்லிஃப்ட் செய்தவரைக் காட்டிக்கொடுப்பது இந்த இடங்கள்தான். தோலின் இழுவிசை காது மடலின் மேல் விழுந்தால், மடல் வளைவில்லாமல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியதுபோல நீளும். ஜிமிக்கி போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். 6 மாதம் கழித்து மரப்பு ஊசியிலேயே திருத்தலாம். காதின் முன் குருத்தெலும்பு முன்னால் இழுபட்டால் காதுத் துளை வெளியே தெரியும். அதைத் திருத்துவது கடினம்.

கிருதா மேலேறிவிடுவது, பின்தலை முடிவரிசையில் படி விழுவது இரண்டும் கீறல் திட்டமிடலில் நேரும் பிழைகள். கொண்டை போடுபவர், முடியைத் தூக்கிக் கட்டுபவர் முதல் சந்திப்பிலேயே அப்படிக் கட்டிக்கொண்டு போய்க் காட்டுவது நல்லது. கீறலை ஒட்டி முடி கொட்டினால் 3 முதல் 6 மாதத்தில் முளைத்துவிடும், வேர் சுடப்பட்டோ இழுவிசையிலோ செத்திருந்தால் தவிர.

சாப்பிடும்போது மட்டும் கன்னம் வீங்குகிறது, ஏன்?

உமிழ்நீர்ச் சுரப்பியின் உறை கிழிந்து உமிழ்நீர் உள்ளே சேர்கிறது. ஊசியால் எடுத்து, அழுத்திக் கட்டி, புளிப்பைத் தவிர்த்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் சுரப்பிக்குள் போடாக்ஸ்.

மயக்க மருந்தால் என்ன ஆகலாம்?

முழு மயக்கத்திலும் செய்யலாம், அரை மயக்கத்தோடு மரப்பு ஊசி போட்டும் செய்யலாம். ‘வெறும் லோக்கல்தான், ஒன்றும் ஆகாது’ என்பது தவறு. அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தான லிக்னோகெய்னுக்கு வழக்கமான உச்ச அளவு எடை கிலோவுக்கு 7 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசலில் 42 மி.லி. மிகவும் நீர்த்த கரைசலாகப் போடும்போது இதைத் தாண்டுவதுண்டு, ஆனால் கணக்கு வைத்துக்கொண்டு. இரண்டு கன்னம், கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தால் அளவு எளிதில் மீறும். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம். இதற்கு மாற்று மருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அந்த இடத்தில் இருக்கிறதா என்று கேட்கலாம். பதிலைவிட, பதில் சொல்பவரின் முகமே நிறையச் சொல்லும்.

அரை மயக்கத்தில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு முகத்தில் சுடுகருவி பயன்படுத்தும்போது தீப்பிடிக்கலாம். ஸ்பிரிட் தடவிய முடி உலராவிட்டால் இன்னும் சுலபம். ஆக்ஸிஜன் அளவைக் குறைத்து, சுடும் நேரத்தில் நிறுத்தி வைப்பதே தடுப்பு.

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது குறைவு. ஏறக்குறைய 10,000 ஃபேஸ்லிஃப்ட்டுகளைத் தொகுத்து 2001-ல் வெளியான கணக்கில் காலில் உறைவு 0.35 சதவீதம், நுரையீரலுக்குப் போனது 0.14 சதவீதம். பெரும்பாலானவை முழு மயக்கத்தில் செய்தவை. காலில் அழுத்தும் கருவி மாட்டுவதும் அன்று மாலையே நடக்கவைப்பதும் இதற்காக.

சர்க்கரை நோய் இருந்தால் செய்யலாமா?

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் செய்யலாம். 9, 10 என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நாளுக்கு நாள் எது சாதாரணம்?

வீக்கம் 2, 3-ம் நாளில் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் பார்த்தால் ‘ஏன் செய்தோம்’ என்று தோன்றும் நாள்கள் அவை. நீலம் கழுத்து வழியாக நெஞ்சுவரை இறங்கும். புவியீர்ப்பு, வேறொன்றும் இல்லை. தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வேண்டும், ஆனால் இரண்டு தலையணை அடுக்கிக் கழுத்தை முன்னால் மடிக்கக்கூடாது. சாய்வு நாற்காலி நல்லது. காதின் முன்புறத் தையல் 5 முதல் 7 நாளில், முடிக்குள் இருப்பவை 10 முதல் 14 நாளில் எடுக்கப்படும். முதல் வாரம் குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எதுவும் கூடாது. ஹெல்மெட் காதை உரசும், 3, 4 வாரம் வேண்டாம். 2-வது வாரத்தில் மனச்சோர்வு வருவது சகஜம், வீட்டில் இருப்பவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

3 முதல் 7-ம் நாளுக்குள் ஒரு பக்கம் மெதுவாக, வலியில்லாமல், தளதளவென்று வீங்கினால் நீர் சேர்ந்திருக்கலாம். ஊசியால் எடுத்துவிடுவார்கள், நடுராத்திரி ஓட வேண்டியதில்லை. அன்றே ஓட வேண்டியவை இவை: ஒரு பக்கம் வேகமாகப் பெருக்கும் வலியுள்ள வீக்கம், மூச்சு விடுவதிலோ விழுங்குவதிலோ சிரமம், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூடாத கண், மங்கும் பார்வை, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல்.

சென்னையில் செய்துகொண்டு நாலாம் நாள் விமானம் ஏறலாமா?

கூடாது. துபாய், சிங்கப்பூர், கொழும்பு என்று எங்கிருந்து வந்தாலும் 2 வாரம் தங்கும்படி திட்டமிடுங்கள். தொற்றும் தோல் கறுப்பதும் தெரியவருவதே முதல் வாரக் கடைசியில்தான். அறுவை முடிந்த இரவு எந்த ஊரானாலும் மருத்துவமனையிலோ, 20 நிமிடத்தில் போய்ச்சேரும் தூரத்திலோ, கூட ஒருவரோடு தங்க வேண்டும். திருச்சியிலிருந்து வந்து அன்று மாலையே கார் எடுத்துத் திரும்புவது, ரத்தத் தேக்கம் வரும் நேரத்தை நெடுஞ்சாலையில் கழிப்பது.

நூல் போட்டுத் தூக்குவதில் இந்த ஆபத்தெல்லாம் இல்லையாமே?

பெரிய ரத்தத் தேக்கம் குறைவு என்பது உண்மை. குழி விழுதல், நூல் முனை தோலைத் துளைத்து வெளியே வருதல், தொற்று, இரண்டு பக்கமும் வித்தியாசம் ஆகியவை இதற்கென்று உள்ளவை, பலனும் நீடிக்காது. பின்னால் ஃபேஸ்லிஃப்ட் செய்ய நேர்ந்தால் நூல் விட்டுச்சென்ற தழும்பு நாருக்குள் நரம்பைத் தேடிப் பிரிப்பது கடினம். முன்பு போட்ட நூல், ஃபில்லர் (முகத்தை நிரப்பும் ஊசி) எதையும் மறைக்காதீர்கள். ‘மினி’ ஃபேஸ்லிஃப்ட் என்பதில் கீறல்தான் மினி. அதே தோல், அதே நரம்பு, அதே ரத்தத் தேக்கம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது அதற்கு இணையான டிஎன்பி படித்தவரா என்பதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவில் சரிபார்க்கலாம். சுவரில் மாட்டிய ‘அழகியல்’ சான்றிதழ்கள் இதற்கு ஈடாகாது. பிறகு மூன்று கேள்வி: இரவு 11 மணிக்குக் கன்னம் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது, அவர் எவ்வளவு நேரத்தில் வருவார்? தியேட்டரை அந்த நேரத்தில் திறப்பார்களா? மறு அறுவை வந்தால் செலவு யாருடையது? எனக்குச் சிக்கலே வந்ததில்லை என்பவர் ஒன்று குறைவாகச் செய்திருக்கிறார், அல்லது நோயாளிகளைத் திரும்பப் பார்ப்பதில்லை.

ஒப்புதல் படிவத்தில் செய்யப்போகும் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் வேறொன்றுக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிரைக் காக்க உடனே செய்ய வேண்டியது மட்டும் விதிவிலக்கு. தியேட்டரில் வைத்துக் கண் இமையையும் சேர்த்துச் செய்துவிட்டோம் என்பது நடக்கக்கூடாது. மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவையை ஏற்காது. அதில் வந்த சிக்கலுக்கான செலவையும் அதே காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம், எனவே கையில் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பலன் பிடிக்கவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. எப்போது திருத்தலாம்?

அறுவைக்கு முன் எடுத்த படத்தை முதலில் பாருங்கள். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை, பழைய வித்தியாசம் இப்போதுதான் கண்ணில் படுகிறது என்பது அடிக்கடி நடப்பது. உண்மையிலேயே வித்தியாசம் இருந்தாலும் 6 மாதம், முடிந்தால் ஓராண்டு கழித்துத்தான் திருத்த வேண்டும். அதுவரை உள் தழும்பு இறுகியிருக்கும், எங்கே வெட்டினாலும் கணிப்பு தவறும். தாடைக்கு அடியில் கழுத்து நடுவில் குழி விழுந்து, இரண்டு பக்கமும் தசை நரம்புபோல எழும்பி நின்றால், கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள் என்று பொருள்; அதற்கு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து நிரப்ப வேண்டிவரும். திருத்தத்துக்கு வேறு மருத்துவரிடம் போவதானால் முதல் அறுவையின் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்மாஸை மடித்துத் தைத்தார்களா, வெட்டினார்களா, அதற்கு அடியில் போனார்களா என்பது தெரியாமல் மறுபடி திறந்தால், நரம்பு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஊகித்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.